ஹார்ஸ்கோம்பில் ஒட்டிய போஸ்டர்

ஹார்ஸ்கோம்ப், இங்கிலாந்து
16 ஜனவரி 2025, வியாழன்

அண்ணனுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். அண்ணிக்கு அடித்தால், “அவரு ரொம்ப சூடா கீறாரு செங்கொடி, இப்ப வாணாம்” என்று வைத்துவிடுகிறார். சரி, கடிதத்தை பிளாக் செய்ய முடியாதே! கிழித்துப் போடலாம். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பாவின் படத்திறப்புக்கு நீ அடித்த போஸ்டரை வண்ணாரப்பேட்டை ஃபிர்தௌஸ் போட்டோ எடுத்து அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவளுக்காவது என் ஞாபகம் இருக்கிறது. ‘தோழர் பக்தவச்சலம், துறைமுகத் தொழிலாளி.’ போட்டோ நன்றாக இருந்தது, அப்பா அந்தச் சட்டையில்தான் அழகு. கீழே மகன் பாரி, மருமகள் மதி, பேரன் சித்தார்த், லாரி ஷெட் நண்பர்கள், கேரம் கிளப் பசங்கள் அத்தனை பேர். டீக்கடை முப்பிடாதி பெயர்கூட இருக்கிறது. மகள் செங்கொடி எங்கே அண்ணா? பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். அப்பா தொழிற்சங்கக் கொடியைப் பார்த்து ஆசை ஆசையாக வைத்த பெயர். அதைப் போட உனக்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லையா?

இந்த ஊரைப் பற்றி நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை. இதை ஊர் என்று சொல்வதில்லை, பாரிஷ் என்கிறார்கள். நம்ம ராயபுரம் மாதா கோயிலில் பங்கு என்பார்களே, அதுதான். நாற்பத்தோரு வீடு, எண்ணூறு வருஷத்துக் கோயில் ஒன்று, ஒரு பப், நான் வேலை செய்யும் முதியோர் இல்லம், மீதியெல்லாம் ஆடு. பஸ் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். வியாழக்கிழமை தபால் வண்டி வந்து ஊர் மண்டபத்து வாசலில் ஒரு மணி நேரம் நிற்கும். பாதிரியாருக்கு ஆறு பாரிஷ், அதனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார், அன்றைக்கும் ஏழு பேர்தான் இருப்பார்கள். கோயில் கடிகாரம் எட்டு அடித்தால் எனக்கு நம்ம மில் சங்கு ஞாபகம் வந்துவிடும். சங்கு ஊதியதும் அப்பா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டே, “பாப்பா துன்னுச்சா?” என்று அம்மாவைக் கேட்பாரே, அந்தக் குரல் காதில் கேட்கும். அம்மா போய் இருபது வருஷம், இப்போது அப்பாவும் இல்லை. அந்த வீட்டில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் இனி நீயும் நானும்தான்.

மே கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்கும். சண்டை போடு, திட்டு, எல்லாம் செய். மூலக்கொத்தளம் இடுகாட்டில் அப்பாவை வைத்த இடத்தை மட்டும் காட்டிவிடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

செங்கொடி


எர்ணாவூர் பக்கம், லாரி வரிசை
2 பிப்ரவரி 2025

செங்கொடிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. துறைமுகத்துக்கு உள்ளே போக கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, நேற்று மத்தியானத்திலிருந்து நான் நாலு வண்டி நீளம்தான் நகர்ந்திருக்கிறேன். பேப்பரும் நேரமும் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே.

பெயரைக் கேட்கிறாய். அந்த ரெண்டு நாள் இங்கே என்ன நடந்தது என்று கேட்டாயா?

ஞாயிறு விடியற்காலை அப்பா போனார். உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். “வச்சிருண்ணா, நான் வரேன், என்ன பாக்காம எடுத்துடாதீங்க” என்று நீதான் கதறினாய். சரி என்றேன். புளியந்தோப்பில் முட்டியளவு தண்ணீர். தார்பாய் கட்டி, ஐஸ் பெட்டி கொண்டுவந்து, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டருக்கு வியாசர்பாடிவரைக்கும் அலைந்தேன். மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து டீ குடித்து உட்கார்ந்துவிட்டார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம், “இன்னாபா, பொண்ணு வந்துகினு கீதா? ஏரோப்ளேன் ஏறிச்சா?” என்றுதான் கேட்டான். நானும் ஏறிட்டா, ஏறிட்டா என்றேன். உன் போன் சுவிட்ச் ஆஃப். திங்கட்கிழமை மத்தியானம் சங்கத்துப் பெரியவர் ஒருத்தர் என் தோளைப் பிடித்து, “நைனா, போதும்பா. மன்ஷன் வாய்நாளெல்லாம் மூட்ட தூக்கினவரு, இன்னும் எவ்ளோ நேரம் அந்த பொட்டியில கெடப்பாரு” என்றார். ஊரே என் மூஞ்சியைப் பார்த்தது. ஒன்றரை நாள் வைத்திருந்தேன் உனக்காக.

நீ வரவில்லை. படத்திறப்பு போஸ்டருக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது எனக்குத் தங்கச்சியே கிடையாது. எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கல் வைக்கவில்லை, பெயர் எழுதவில்லை. மழையில் மண்மேடும் கரைந்துவிட்டது, இப்போது அந்த இடம் எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும். உனக்குக் காட்டமாட்டேன்.

பாரி


ஹார்ஸ்கோம்ப்
13 பிப்ரவரி 2025, வியாழன்

அண்ணனுக்கு,

ஐயோ அண்ணா, ஜெனரேட்டருக்குத் தண்ணீரில் அலைந்தாய் என்பது எனக்குத் தெரியாது. யாருமே சொல்லவில்லை. ஆனால் போனை நான் அணைக்கவில்லை. கேள், கேட்ட பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்.

அன்றைக்கு எனக்கு நைட் டியூட்டி. உன் போன் வந்தபோது இங்கே சனிக்கிழமை இரவு. காலை ஆறு மணிக்கு அடுத்த டியூட்டிக்காரி வருவாள், ஏழுக்கு டாக்ஸி, மத்தியானம் விமானம் என்று மேனேஜரிடம் சொல்லி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். விடியும் முன்பே புயல். ஊருக்குள் வருவது ஒரே ஒரு ரோடு, நம்ம ஷேர் ஆட்டோ ஒன்று போகிற அகலம்தான், ரெண்டு பக்கமும் புதர் வேலி. ஓடை பொங்கிப் பாலத்தை மூடிவிட்டது. மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் போய், தரைவழி போனும் செத்துவிட்டது. டியூட்டிக்காரி வரவில்லை. டாக்ஸி வரவில்லை. உள்ளே பதினொரு கிழம், அதில் ஆறு பேருக்குத் தானாக எழுந்து உட்கார வராது. நான் ஒருத்தி.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வயல் வழியாக நடந்திருந்தால் நாலு மைலில் பெரிய ரோடு. போகலாம் என்று ஷூ மாட்டினேன், பாஸ்போர்ட்டை எடுத்தேன், வாசல் தாண்டிக் கேட் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே கூப்பிடு மணி அடித்தது. ஜெரி என்று ஒரு கிழவர், எண்பத்தெட்டு வயது, அறுபது வருஷம் இந்தக் கோயிலில் மணி அடித்தவர், வாயைத் திறந்தால் வசவுதான். என் பெயருக்கு அர்த்தம் சொன்னதிலிருந்து என்னை ‘கொடி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் படுக்கையை நனைத்துக்கொண்டு குளிரில் நடுங்கிக் கிடந்தார். திரும்பிவிட்டேன் அண்ணா. அப்பாவுக்குக் கடைசித் தண்ணீர் ஊற்ற வேண்டிய கையால் அவரைக் குளிப்பாட்டினேன். அழுதுகொண்டே குளிப்பாட்டினேன். “ஏன் அழுகிறாய் கொடி?” என்றார். அப்பா செத்துட்டாரு என்றேன். மனிதர் சோப்பு நுரையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு டவர் வந்தது, உங்களுக்கு மத்தியானம் நாலு மணி. உனக்கு அடித்தேன், நீ எடுக்கவில்லை. அப்பாவை எடுத்துவிட்டார்கள் போல, எல்லாரும் மூலக்கொத்தளத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பிளாக்.

நான் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும் என்று நீ சொன்னால் சொல், வாங்கிக்கொள்கிறேன். இடத்தை மட்டும் காட்டு.

செங்கொடி


புளியந்தோப்பு
1 மார்ச் 2025

செங்கொடிக்கு,

படித்தேன். நீ சொல்வதை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நேற்று ராயபுரம் வழியாக வெறும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். துறைமுகத்து மதிலைப் பார்த்ததும் பழசெல்லாம் வந்துவிட்டது. ஆயுத பூசைக்கு உள்ளே விடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்குச் சாமி கிடையாது, ஆனால் பொரி கடலையில் அவருக்கு எந்தக் கொள்கையும் இருந்ததில்லை. சரக்கு ஏற்றுகிற வின்ச்சுக்குக் கீழே நம்மை நிற்க வைத்து, “இத்தான் ஒங்கப்பன் ஓட்ற கப்பலு” என்பார். நீ அவருடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கழட்ட மாட்டேன் என்று வீடு வரைக்கும் அதோடுதான் வந்தாய். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர், “இன்னா மேஸ்திரி, ஒரு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?” என்றான். அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் சிரித்தார்.

சித்தார்த் உன் கடிதத்தில் இருக்கும் ஸ்டாம்பைக் கேட்கிறான். கொடுத்துவிட்டேன்.

மே மாதம் நான் ஊரில் இருப்பேனா என்று தெரியாது. லோடு எங்கே போகச் சொல்கிறார்களோ அங்கே போக வேண்டும். அதனால் இடம் காட்டுவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தக் கிழவர் எப்படி இருக்கிறார்?

பாரி


ஹார்ஸ்கோம்ப்
20 மார்ச் 2025, வியாழன்

அண்ணனுக்கு,

நீ கேட்டாய், அவர் போய்விட்டார். ஒன்பதாம் தேதி காலை, டீ கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள். அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை, பெண்டாட்டி போய் முப்பது வருஷம், பிள்ளை இல்லை. அதற்கப்புறம் நடந்த கூத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். வேலையே போயிருக்கும்.

இங்கே ஒருத்தர் செத்தால் சத்தமே இருக்காது அண்ணா. மேளம் இல்லை, பட்டாசு இல்லை, தெருவுக்குச் செய்தியே தெரியாது. பத்து நாள் கழித்துத்தான் அடக்கம். ஊர் மண்டபத்துப் பலகையில் ஒரு சின்னச் சீட்டைக் குத்தினார்கள், அதற்குப் பக்கத்தில் காணாமல் போன பூனைக்குக்கூட அதைவிடப் பெரிய சீட்டு. எனக்கு வயிறு எரிந்தது. அறுபது வருஷம் இவர்களுக்கு மணி அடித்த மனிதர்! செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். பன்னிரண்டு போஸ்டர் அடித்தேன்.

நம்ம ஊர் போஸ்டர்தான், வேறென்ன. நடுவில் ஜெரி தொப்பியோடு சிரிக்கிற போட்டோ, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’யை இங்கிலீஷில் மாற்றிப் போட்டேன், கீழே ‘ஆறாத் துயரில் வாடும்’ என்று நாற்பத்தோரு வீட்டுக்காரர் பெயரும். மண்டபத்தில் ஒட்டியிருந்த லிஸ்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். மைதா பசை காய்ச்சி, பஸ் நிழற்குடை, பப் சுவர், சிவப்பு டெலிபோன் பெட்டி, கோயில் கேட் என்று ஒரு இடம் விடாமல் ஒட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பாரிஷ் கவுன்சில் கிளார்க் அம்மா வந்து நிற்கிறார், முகம் சிவந்து போயிருக்கிறது. “எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரை எப்படிப் போட்டாய்? நாங்கள் வாடுகிறோம் என்று உனக்கு யார் சொன்னது? அந்தப் பப் சுவர் நானூறு வருஷத்துச் சுவர், தெரியுமா?” மேனேஜர் கூப்பிட்டு, அத்தனையும் இன்றைக்கே வழித்து எடுக்க வேண்டும் என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாவு வீட்டுப் பெயர் போட அனுமதி வாங்குவார்களா, என்னய்யா ஊர் இது என்று திட்டிக்கொண்டே வெந்நீர் வாளியும் தேங்காய் நார் இல்லாத குறைக்கு ஒரு பிரஷ்ஷுமாகப் போய்ச் சுரண்டினேன்.

அப்போதுதான் டெரிக் வந்தார். ஜெரிக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலிக் கேட்டுக்காகச் சண்டை வந்து முப்பத்தொரு வருஷமாகப் பேச்சே கிடையாதாம், இந்த ஊருக்கே தெரியுமாம், எனக்குத்தான் தெரியாது. அவர் பெயரை நான் முதல் பெயராகப் போட்டிருக்கிறேன்! “என் பெயர் ஏன் முதலில்?” என்றார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான் முதலில் வர வேண்டும், எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். மனிதர் சுவருக்குப் பக்கத்தில் போய்த் தன் பெயரை ஒருமுறை படித்தார். அப்புறம் என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, ஒரு போஸ்டரைக் கிழியாமல் ஓரம் ஓரமாக நனைத்து உரித்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நேற்று அடக்கம். பாதிரியார் ஒன்பது நாற்காலி போட்டிருந்தார். அறுபது பேருக்கு மேல் வந்தார்கள், வெளியே மழையில் குடையோடு நின்றார்கள். பெயர் போட்டுவிட்டாயே, வராமல் இருக்க முடியுமா என்று கிளார்க் அம்மாவே என்னிடம் முனகினார். பெட்டியைத் தூக்கின ஆறு பேரில் டெரிக் ஒருத்தர். குழிக்குப் பக்கத்தில் அவர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. அப்பாவுக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அங்கேயே அழுதுவிட்டேன்.

அழுது முடித்தும் பாரம் இறங்கவில்லை அண்ணா. இன்னொருத்தர் குழிக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு அழுதாலும் அது அப்பாவுக்குப் போய்ச் சேராது. எனக்கு நம்ம அப்பா இருக்கிற இடம் வேண்டும்.

செங்கொடி


புளியந்தோப்பு
13 ஏப்ரல் 2025

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைச் சித்தார்த்துக்கும் மதிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிரஷ்ஷும் வாளியுமாக நீ நின்றதைப் படிக்கும்போது மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த டெரிக் இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. மதிதான் வாங்கிப் படித்து முடித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நாலைந்து மாதமாகத் தொண்டையில் நிற்கிறது. மதிக்குக்கூடத் தெரியாது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு நீ போன் செய்தாய். அப்போது அப்பாவை எடுக்கவில்லை, பாப்பா. வீட்டு வாசலில்தான் இருந்தார். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள், நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். உன் போட்டோ தெரிந்தது. கட் செய்தேன். மறுபடியும் அடித்தாய், மறுபடியும் கட் செய்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது பிளாக் செய்துவிட்டு, “தூக்குங்கப்பா” என்றேன். பக்கத்தில் இருந்தவர், “யாரு, பொண்ணா?” என்று கேட்டார். ராங் நம்பரு என்றேன்.

எடுத்திருந்தால் வீடியோவிலாவது அவர் முகத்தை நீ பார்த்திருப்பாய். அரை மணி நேரம் இருந்தது. ஒன்றரை நாள் வைத்திருந்தவனுக்கு ஒரு நிமிஷம் மனசு வரவில்லை. அத்தனை பேர் முன்னால் நான் பொய்யனாகி நின்ற ஆத்திரம். நீ போனே செய்யவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன். பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தில் ‘நாலு மணி’ என்று பார்த்ததும் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். அதனால்தான் லோடு அது இது என்று நழுவினேன். உன்னோடு அந்த இடத்துக்கு வந்து நிற்க எனக்குத்தான் பயம்.

அங்கே உன் தப்பான போஸ்டரைப் பார்த்து முப்பத்தொரு வருஷத்துச் சண்டைக்காரன் வந்து பெட்டி தூக்கியிருக்கிறான். நான் சொந்தத் தங்கச்சி பெயரை எடுத்தவன். எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

வா, காட்டுகிறேன். நீ வர மாட்டேன் என்றாலும் அது உன் நியாயம்.

உன் அண்ணன்
பாரி


ஹார்ஸ்கோம்ப்
1 மே 2025, வியாழன்

பாரி,

அண்ணன் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்து ஐந்து நாள். முதல் நாள் அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்து கத்தினேன், கூட வேலை செய்கிறவள் பயந்துபோய் ஓடி வந்தாள். ரெண்டாம் நாள் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் நான் எழுதிய வார்த்தைகளை அப்பா கேட்டிருந்தால் ரெண்டு பேரையும் அடித்திருப்பார். அதைக் கிழித்துவிட்டேன். ராங் நம்பராம்! எப்படிடா வாய் வந்தது உனக்கு? அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கடைசியாக எந்தச் சட்டை போட்டிருந்தீர்கள், கண் மூடியிருந்ததா, மீசையைச் சரி செய்தீர்களா, ஒன்றும் தெரியாது. இதை நான் மறக்கப்போவதில்லை. இப்போதைக்கு மன்னிக்கவும் போவதில்லை. நீ மறைக்காமல் சொன்னாய் என்பதற்காக உன்னைத் தட்டிக்கொடுக்கவும் மாட்டேன்.

ஆனால் அந்தக் கேட் வரைக்கும் போய்த் திரும்பினேனே, அந்த ஒன்றை வைத்து நான் என்னையே இத்தனை மாதம் கொன்றுகொண்டிருந்தேன். நீயும் உன் பையிலிருந்த போனை வைத்து அதையேதான் செய்திருக்கிறாய். அது புரிகிறது. புரிந்து தொலைக்கிறது.

டிக்கெட் போட்டுவிட்டேன். மே இருபத்துநாலு, சனிக்கிழமை காலை வந்து இறங்குவேன். லோடு கீடு என்று ஏதாவது சொன்னாய் என்றால் துறைமுகத்துக்கே வந்து உன் லாரிக்கு முன்னால் படுத்துக்கொள்வேன், சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போக வேண்டாம், குளிக்க வேண்டாம், நேரே மூலக்கொத்தளம். இடத்தைக் காட்டிவிட்டு நீ கொஞ்சம் தள்ளிப் போ. அப்பாவிடம் நான் தனியாகப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதி உன்னைப் பற்றிய புகார். பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. வெயில் கொளுத்தினாலும் சரி, யார் வந்து என்ன கேட்டாலும் சரி, நான் திரும்பிப் பார்க்கும்போது நீ அங்கே நிற்க வேண்டும்.

போய்விடாதே அண்ணா.

செங்கொடி